ஒரு கல்யாணப் பத்திரிகை, ஐந்து காப்பி!

திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்கள் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. பாரதி சாலை என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகியும் பழைய ஆட்கள் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றே சொல்லும் தெருவிலும், அதையொட்டிய சந்துகளிலும் டி.டி.பி., ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், விசிட்டிங் கார்டு என்று போர்டு மாட்டிய சின்னச் சின்ன இடங்கள் உண்டு. மாடிப்படிக்குக் கீழே ஒன்று, மேன்ஷன் வாசலை ஒட்டி ஒன்று, பழைய வீட்டின் முன்னறையில் ஒன்று. உள்ளே நான்கு கம்ப்யூட்டர் இருந்தால் அது பெரிய அலுவலகம்.

அங்கே நடக்கும் வேலையில் பாதி, ஒருவர் செய்த ஃபைலை இன்னொருவர் கைக்குக் கொண்டுசேர்ப்பதுதான். டைப் அடிப்பவரிடமிருந்து டிசைன் செய்பவருக்கு, அங்கிருந்து பிரிண்டர் இருக்கும் மேசைக்கு, திருத்தம் வந்தால் மறுபடியும் முதல் மேசைக்கு. பத்தடி அறைக்குள் காலையிலிருந்து இரவு வரை இந்த நடை ஓயாது.

அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் நான்கு பேர். உரிமையாளருக்கு அறுபது வயது. ஈய எழுத்து கோத்த காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். டைப் அடிக்கும் அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எந்த ஊர்ப் பத்திரிகை என்றாலும் யார் பெயர் எந்த வரியில் வர வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசைன் பார்க்கும் தம்பிக்கு இருபத்து நான்கு. சொந்த லேப்டாப்போடு வருகிறவன். கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மாலைக் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள்.

அக்கா, உரிமையாளர், கல்லா என மூன்று கம்ப்யூட்டர்களும் ஒயரில் இணைந்தவை. தம்பியின் லேப்டாப் மட்டும் வைஃபை. ஒருமுறை லேப்டாப்பிலிருந்து அக்காவின் ஃபைலை எடுக்க முயன்று பார்த்தார்கள். அக்காவின் கம்ப்யூட்டர் பட்டியலிலேயே வரவில்லை.

"ஒயர் வேற, வைஃபை வேறக்கா. ரெண்டும் சேராது" என்றான் தம்பி.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பென் டிரைவ்தான் இருக்கிறதே!

முகூர்த்தம் காத்திருக்காது

ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு ஐந்நூறு பத்திரிகை. அக்கா டைப் அடித்து, தம்பி அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு லேப்டாப்பில் வண்ணம் சேர்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் பெண்ணின் அம்மாவிடமிருந்து ஃபோன்.

"முகூர்த்த நேரத்தை மாத்திட்டாங்கம்மா. ஒன்பதிலிருந்து பத்தரை இல்ல. காலைல ஆறிலிருந்து ஏழரை."

"மாத்திடறேம்மா. வாட்ஸ்அப்ல அனுப்பறேன், ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க."

அக்கா அப்போதே மாற்றினார். வாடிக்கையாளருக்கு அனுப்பினார். உரிமையாளரின் மெயிலுக்கும் ஒன்று அனுப்பினார். இருவரும் பார்த்துச் சரி என்றார்கள். மாலையில் தம்பி வண்ண வேலையை முடித்து ஐந்நூறையும் அடித்துக் கட்டிவைத்தான். அவனிடம் இருந்ததோ முந்தைய நாள் ஃபைல்.

கட்டைப் பிரித்த பெண்ணின் அம்மாதான் கண்டுபிடித்தார். அவர் மட்டும் பார்க்காமல் விட்டிருந்தால், பாதி உறவினர்கள் தாலி கட்டி முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து மண்டபத்துக்கு வந்திருப்பார்கள்.

"நான் மாத்தினேன் சார். ஸ்க்ரீன்ல இருக்கு, வந்து பாருங்க."

"எங்கிட்ட இருந்த ஃபைல்ல ஒன்பதுன்னுதான்க்கா இருந்துச்சு."

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். அதனால்தான் சண்டை தீரவில்லை. ஐந்நூறு அட்டை, மை, கூலி எல்லாம் உரிமையாளர் தலையில் விழுந்தது. அதைவிடப் பெரிய விஷயம் அன்று இரவு கிளம்பும்போது வந்தது.

"அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன் சார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, தப்பா அடிக்கறாங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

முப்பது வருட வேலை, தன் தப்பே இல்லாத ஒரு தப்பில் முடியப் பார்த்தது.

ஃபாரம் ஒன்றுதான்

அந்த ஒரு பத்திரிகைக்கு எத்தனை காப்பி இருந்தது என்று எண்ணிப் பார்த்தவர் உரிமையாளர். அக்காவின் கம்ப்யூட்டரில் ஒன்று. பென் டிரைவில் ஒன்று. லேப்டாப்பில் ஒன்று. அவர் மெயிலில் ஒன்று. வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பில் ஒன்று. மொத்தம் ஐந்து. மூன்றில் ஆறு மணி, இரண்டில் ஒன்பது மணி.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. கோத்து முடுக்கிய ஃபாரம் ஒன்றுதான். யார் திருத்தினாலும் அதில்தான் திருத்த வேண்டும். திருத்திவிட்டால் பழையது இல்லை.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், வாலாஜா மசூதிக்குப் பக்கத்திலிருந்து வெளிவரும் ‘தி முசல்மான்’ உருது நாளிதழ் 1927-இல் தொடங்கப்பட்டது. கையெழுத்துக் கலைஞர்கள் பக்கங்களைக் கையாலேயே எழுதுவதற்காக உலகெங்கும் பேசப்பட்ட பத்திரிகை அது. அங்கும் எழுதப்பட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான். அச்சுக்குப் போவதும் அதிலிருந்துதான்.

கம்ப்யூட்டர் வந்ததும் காப்பி எடுப்பது சுலபமானது. எது அசல் என்பது மறைந்துபோனது. பென் டிரைவில் ஒரு ஃபைலை எடுத்த அந்த நொடியில் அது இரண்டாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதே கதைதான். கூடவே இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபோட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஃபோனில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் மங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான். டாக்குமென்டாக அனுப்பினால் மட்டுமே இருப்பது இருந்தபடி போகும்.

ஆக, ஃபைல் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் அங்கே போய் எடுக்க வேண்டும். பொதுச் சாமானை ஓரிடத்தில் வைத்துக் கணக்காக எடுத்துக்கொள்வது இந்தப் பேட்டைக்குப் புதிதும் இல்லை. நாட்டின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு முன்னோடியான டி.யு.சி.எஸ்., திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமாக 1904-இல் பிறந்த இடம் இது.

இரண்டு கதவு இலக்கம்

உரிமையாளர் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை அழைத்துவந்தார். வந்தவர் எதையும் கழற்றவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்தார். 192.168.1.5 என்று வந்தது. லேப்டாப்பில் அதையே அடித்தார். 192.168.0.7 என்று வந்தது.

"மூணாவது நம்பரைப் பாருங்க சார். இங்க ஒண்ணு, அங்க சைபர். ரெண்டும் ஒரே ரூம்லதான் இருக்கு. ஆனா வேற வேற வீடு."

காரணம் சின்னது. ஃபைபர் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் ஒயர்கள் சொருகப்பட்டிருந்தன. வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று பிறகு தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, அந்தப் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து மாட்டியிருந்தார்கள். ரூட்டர் என்றால் அதன் வேலையே தனக்குக் கீழே ஒரு தனி வீட்டை நடத்துவதுதான். தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் அது தானே இலக்கம் கொடுக்கும். அதனால் லேப்டாப்பின் பட்டியலில் மற்ற கம்ப்யூட்டர்கள் தெரியவில்லை. மற்றவற்றிலிருந்து லேப்டாப்புக்குப் போகவும் வழியில்லை. ஒயரும் வைஃபையும் சேராததுபோல் தோன்றியது இதனால்தான்.

இரண்டாவது ரூட்டரின் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் ரூட்டர் தனிக்குடித்தனத்தை விட்டுவிட்டு, வெறும் வைஃபை வாசலாக நிற்கும். இலக்கம் கொடுக்கும் வேலை முதல் பெட்டிக்கே போய்விடும். சர்வீஸ்காரர் அதைச் செய்ததும் லேப்டாப்புக்கு 192.168.1.9 என்று வந்தது. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

இன்னும் ஒரு தடை பாக்கி இருந்தது. புது வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அதைப் ‘பப்ளிக்’ என்று வைத்துக்கொள்வது வழக்கம். ரயில் நிலையத்திலோ காபிக் கடையிலோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து அது தன்னை மறைத்துக்கொள்ளும். அலுவலகத்தின் சொந்த நெட்வொர்க் என்றால் ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் நான்கு கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

தம்பிக்கு நம்ப முடியவில்லை. "அப்போ ஒயர், வைஃபைன்னு வித்தியாசமே இல்லையாண்ணே?"

"வழிதான் வேற தம்பி. போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான்."

காற்று அண்ணன், கம்பி தம்பி

இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்கு வரலாறே சாட்சி. அந்தக் குடும்பத்தில் மூத்தது காற்றுவழிதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 1971-இல் தீவுகளுக்கு இடையே கம்ப்யூட்டர் செய்திகளை ரேடியோ அலையில் அனுப்பினார்கள். அதன் பெயர் அலோஹாநெட்.

எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். அதற்கு அவர்கள் வைத்த விதி எளிமையானது. மோதினால், ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு ஆட்டோக்களும் பின்வாங்கி, யார் முதலில் கிளம்புகிறாரோ அவர் போய்விடுவதைப்போல.

ஆப்ரம்சனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப், அந்த யோசனையைக் கம்பிக்குக் கொண்டுவந்தார். 1973-இல் டேவிட் பாக்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஈதர்நெட்தான் இன்றைக்கு எல்லா அலுவலகங்களிலும் ஓடும் ஒயர் நெட்வொர்க்கின் மூதாதை. அது பிறந்த இடம் அமெரிக்காவில் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். பல கம்ப்யூட்டர்களை ஒரே லேசர் பிரிண்டரோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் அங்கே இருந்த தேவை. ஜெராக்ஸ் என்றாலே நகல் எடுப்பது என்று அர்த்தம் ஆகிவிட்ட திருவல்லிக்கேணிக்கு இது சொந்த வீட்டுச் செய்தி மாதிரி.

பிறகு கம்பியிலிருந்து மறுபடி காற்றுக்கு வந்தது. வைஃபைக்கான முதல் தரவிதி 1997-இல் வெளியானது. இந்தியாவில் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. சந்துக்குச் சந்து வைஃபை முளைத்ததற்கு அந்த விதி பெரிய காரணம்.

ஒரே குடும்பம் என்றாலும் குணம் வேறு. ஒயரில் வேகம் நிலையாக இருக்கும். 100 மெகாபிட் ஒயரில் 1 ஜி.பி. ஃபைல் போக, கணக்குப்படி 80 விநாடி. 1 கிகாபிட் ஒயரில் 8 விநாடி. ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை ஒயர் தாங்கும். சின்ன அலுவலகத்துக்கு அது ஏராளம்.

வைஃபைக்குச் சுவர், தூரம், பக்கத்து வீடு எல்லாமே கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மேன்ஷன்கள் நெருங்கி நிற்கும் தெருவில், எல்லா அறைகளின் வைஃபையும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரூட்டர் என்றால் நெரிசல் குறையும். சுவரைத் தாண்டும் சக்தியும் குறையும். அதனால் ஃபைலை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் ஒயரில் இருப்பதே நல்லது. எடுப்பவர் எந்த வழியில் வந்தாலும் பரவாயில்லை.

திண்ணையும் கூடமும்

எல்லாம் சேர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் சந்தோஷப்பட்டபோது, அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பிரிண்ட் எடுக்க வர்ற பசங்க எல்லாருக்கும் வைஃபை பாஸ்வேர்டு சொல்றோமே. அவங்களும் இதுக்குள்ள வந்துடுவாங்களா?"

சர்வீஸ்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "வந்துடுவாங்கக்கா."

அக்கா ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர். ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே முற்றம். அதைச் சுற்றி ஆறு குடும்பம். அந்த வாழ்க்கையில் எது பொது, எது தனி என்பது குழந்தைக்கும் தெரியும். வெயிலுக்கு ஒதுங்கியவர் திண்ணையில் உட்காரலாம், தண்ணீர் கேட்டால் தண்ணீர் கிடைக்கும். அதற்காகக் கூடத்துக்குள் வந்து அலமாரியைத் திறக்க முடியாது.

ரூட்டரிலும் திண்ணை உண்டு. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று அதற்குப் பெயர். அதில் சேர்பவருக்கு இன்டர்நெட் கிடைக்கும். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் தெரியாது. ஆனால் ஆக்சஸ் பாயின்ட்டாக மாறிய ரூட்டர்கள் சிலவற்றில் இந்தத் தடுப்பு சரியாக வேலை செய்வதில்லை. அதனால் சர்வீஸ்காரர் முதல் பெட்டியிலேயே கெஸ்ட் வைஃபை ஒன்றைப் போட்டார். கல்லாப் பெண்ணின் ஃபோனை அதில் சேர்த்து, அங்கிருந்து அலுவலகக் கம்ப்யூட்டர்களைத் தொட முடிகிறதா என்று சோதித்த பிறகே வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கச் சொன்னார். அலுவலக வைஃபையின் பாஸ்வேர்டு அன்றே மாறியது.

ஊழியரின் லேப்டாப் தவறுதலாகக் கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருந்தாலும், ‘நேத்து வந்துச்சு, இன்னைக்கு ஃபோல்டர் தெரியல’ என்ற பிரச்னை வரும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூன்றாவது எண்ணைத்தான்.

அடுத்தது கூடத்துக்குள் யாருக்கு எந்த அலமாரி என்ற கேள்வி. உரிமையாளரின் கம்ப்யூட்டர் ஒயரில் இருப்பது, நாள் முழுக்க அணையாதது. ஷேர் செய்யும் ஃபோல்டரை அதில் வைத்தார்கள். தானாகத் தூங்கிப்போகும் ஸ்லீப் வசதியை அதில் நிறுத்தினார்கள். ‘எல்லோருக்கும் எல்லா உரிமையும்’ என்று திறந்துவிடாமல், நான்கு பேருக்கும் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தார்கள். விண்டோஸைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. முழுப் பாஸ்வேர்டுதான் வேண்டும். பலர் முட்டிக்கொள்ளும் இடம் இது.

ஃபோல்டர்கள் மூன்று. ‘வேலை’ என்பதில் நடந்துகொண்டிருக்கும் எல்லாம். ‘அச்சுக்கு’ என்பதில் முடிந்தவை. ‘பழசு’ என்பதில் திருத்தத்துக்கு முந்தையவை. பிரிண்ட் எடுப்பது ‘அச்சுக்கு’ ஃபோல்டரிலிருந்து மட்டும்.

"அந்த ‘அச்சுக்கு’ல யார் போடறது சார்?" என்று சர்வீஸ்காரர் கேட்டார். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

உரிமையாளர் யோசிக்கவில்லை. "அக்கா மட்டும். நாங்க மூணு பேரும் பார்க்கலாம், எடுக்கலாம். மாத்தக் கூடாது. நானும்தான்."

தம்பி வண்ணம் சேர்த்து ‘வேலை’யில் வைப்பான். அக்கா வரிக்கு வரி படித்துப் பார்த்து, வாடிக்கையாளரின் கடைசித் திருத்தத்தோடு ஒப்பிட்டு, ‘அச்சுக்கு’ மாற்றுவார். மாற்றும் சாவி அவரிடம் மட்டும். அன்றைக்குப் பிறகு அடுத்த மாதத்தோடு நிற்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

மூலையில் இருக்கும் பழைய பெட்டி

அந்த அலுவலகத்தில் ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர். பத்துப் பதினைந்து வருடத்துப் பத்திரிகைகள், கோயில் நோட்டீஸ்கள் எல்லாம் அதில்தான். அதையும் இந்த வலையில் சேர்த்துவிடலாம் என்று தம்பி முயன்றான். புது லேப்டாப் மறுத்துவிட்டது. ‘எஸ்.எம்.பி. 1’ என்ற ஒரு வசதியை ஆன் செய்தால் வரும் என்று எங்கோ படித்துவிட்டு அதற்கும் தயாரானான்.

"அதைத் தொடாத தம்பி" என்றார் சர்வீஸ்காரர்.

கம்ப்யூட்டர்கள் ஃபைலைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் மொழிக்குத்தான் எஸ்.எம்.பி. என்று பெயர். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓர் ஓட்டை வழியாக 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் பணம் என்றது திரை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தவித்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1 வழக்கமாகச் சேர்க்கப்படுவதே இல்லை. எக்ஸ்பிக்கோ அந்த ஒரு மொழிதான் தெரியும். அதற்கான ஆதரவும் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

எனவே பழைய பெட்டிக்கு ஒயரும் இல்லை, வைஃபையும் இல்லை. தேவையான ஃபைலை மட்டும், வைரஸ் இல்லை என்று சோதித்த ஒரு தனிப் பென் டிரைவில் எடுப்பது என்று முடிவானது.

எடுத்தபோது அடுத்த வேடிக்கை. ஃபைல் வந்தது, எழுத்து வரவில்லை. தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக்கிடந்தது. பழைய தமிழ் ஃபான்ட்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ், தமிழாக இருக்காது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், அச்சுத் தொழிலில் பழைய ஃபான்ட்கள் நீண்ட காலம் கோலோச்சின. இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதைத் தீர்க்காது. பழையவற்றைப் பி.டி.எஃப். ஆக்கி வைப்பது, மறுபடி தேவைப்படும் வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றுவது என இரண்டையும் மதிய வேளைகளில் கல்லாப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அக்கா செய்துவருகிறார்.

ஓரிடத்தில் வைத்தால் ஒரு பயம்

எல்லாம் ஒரே ஃபோல்டரில் என்றால், அது போனால் எல்லாமே போகும். ஷேர் செய்த ஃபோல்டருக்கு ஓர் அபாயமும் உண்டு. லேப்டாப் ஒன்றில் பூட்டுப் போடும் வைரஸ் புகுந்தால், அந்த லேப்டாப் எதையெல்லாம் மாற்றலாமோ அதையெல்லாம் அதுவும் மாற்றும். அக்கா மட்டும் மாற்றக்கூடிய ஃபோல்டர் என்று வைத்ததில் இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே கிடைத்தது.

அதற்கு மேல், தினமும் கடை மூடும்முன் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் முழுவதையும் காப்பி எடுத்து, ஒயரைக் கழற்றி அலமாரியில் வைக்கிறார்கள். சொருகியே இருந்தால் வைரஸ் அதையும் விடாது. வாரம் ஒருமுறை இன்னொரு காப்பி உரிமையாளரின் வீட்டுக்குப் போகிறது. மழை வெள்ளம் பார்த்த சென்னையில், தரைத்தள அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதி இருப்பது அவசியம். மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்று வெளியே என்று கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் கணக்காகவே சொல்வார்கள்.

வேலைக்கு வந்தவர் விலகினால் அவர் பெயரை அன்றே எடுத்துவிட வேண்டும், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். வீட்டுச் சாவியை வாங்கிவைப்பதைப் போன்ற காரியம் அது. கோபத்தால் செய்வதில்லை.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒன்றை மட்டும் எந்த ரூட்டரும் செய்து தராது. ஒரே வேர்டு ஃபைலை இரண்டு பேர் திறந்தால், வேறொருவர் திறந்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சொல்லும். டிசைன் சாஃப்ட்வேர்கள் எல்லாம் அப்படிச் சொல்வதில்லை. கடைசியாகச் சேமித்தவரின் வேலைதான் நிற்கும். அதனால் அந்த அறையில் இப்போது அடிக்கடி ஒரு குரல் கேட்கிறது.

"அக்கா, சீமந்தப் பத்திரிகையை நான் எடுக்கறேன்."

"எடுத்துக்கோப்பா. முடிச்சுட்டு சொல்லு, நான் ஒரு தடவை படிச்சுடறேன்."

கேபிளையும் ரூட்டரையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம். பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டு எடுக்கும் இந்தப் பழக்கத்தை அவரவர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.